மாதா புலம்பலின் நாலாவது வரி

முன்பல் ஒன்றில் கருப்பு மை பூசியிருந்ததை மறந்துவிட்டு என் அத்தை ஜெபமாலை சொன்ன சாயங்காலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ராயபுரத்தில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. படப்பிடிப்பு முடிந்து கோடம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அத்தை வந்து சேர்ந்தபோது நாங்கள் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டிருந்தோம். அவளும் முகம்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் முட்டி போட்டு, 'அருள் நிறைந்த மரியே' என்று சத்தமாக ஆரம்பித்தாள். வாயைத் திறக்கிற போதெல்லாம் அங்கே பல்லே இல்லாத மாதிரி ஒரு ஓட்டை. நான் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். என் தலையில் குட்ட வந்த நைனா அவள் வாயைப் பார்த்துவிட்டு, குட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா அண்ணாத்த, மாதாவாண்ட குந்திகினு இன்னா சிரிப்பு? நல்லாவா கீது?" என்று அவள் அதட்ட, அம்மாவும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு ஜெபம் அதோடு நின்றது.

அத்தை என் நைனாவின் தங்கை. நைனா துறைமுகத்தில் வேலை செய்தார். அத்தைக்குக் கல்யாணம் கூடி வரவில்லை, எங்களோடுதான் இருந்தாள். கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் முதல் குரல். கல்யாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் இன்னிசைக் குழுவோடு போய்ப் பாடுவாள். அப்படி ஒரு மேடையில் பாதிப் பாட்டில் மைக் நின்றுவிட்டது. "ஏய் மைக்கு நைனா, வயர இன்னா கருவாடு மாதிரி காயப் போட்டுகீறியா? புடிச்சி சொருவுய்யா!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல பாட்டுக்காரி தேடி வந்திருந்த சினிமாக்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவர் பாட்டை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு சினிமாவில் அத்தை மீன்காரி ஆனாள், குழாயடியில் குடத்தால் அடிக்கிறவள் ஆனாள், புருஷனைத் துரத்துகிறவள் ஆனாள். எங்கள் பேச்சை அவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆனாலும் அவள் பேசினால் அதில் ஒரு மிடுக்கு இருக்கும், கேலி செய்ய வந்தவனையே அது திருப்பி அடிக்கும். பாடவும் கூப்பிட்டார்கள். முழுப் பாட்டுக்கு இல்லை. கதாநாயகன் ஆடுகிற கும்பல் பாட்டில் நடுவில் ஒரு விக்கல், ஒரு "ஐயே!", இல்லையென்றால் அரை வரி. அந்த அரை வரிக்காக விடிகாலையில் எழுந்து வெந்நீரில் மிளகு தட்டிப்போட்டுக் குடித்து, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் புறப்படுவாள். திரும்பி வந்ததும் நைனா, "பாட்டு முயுசா குட்த்தாங்களா?" என்று கேட்பார். "ஒரு நாளு குடுப்பாங்க அண்ணாத்த. மொதல்லேர்ந்து கடேசி வரிக்கும் நான் பாடுவேன், ஒருத்தன் சிரிக்க மாட்டான், பாரு" என்பாள். எல்லோரையும் சிரிக்க வைக்கிறவளுக்கு அதுதான் ஆசை.

வருஷத்தில் ஒரு நாள் அவளுக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கத்தான் செய்தது. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் வழிபாடு முடிந்ததும், ஆண்டவருடைய சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, வெள்ளைத் துணி விரித்த பாடையில் கிடத்துவார்கள். அப்போது மணி அடிக்கக் கூடாது, ஆர்மோனியம் வாசிக்கக் கூடாது. ஒரே ஒரு பெண் எழுந்து நின்று, மாதா தன் மகனைப் பார்த்து அழுகிறதைப் பாட வேண்டும். மாதா புலம்பல் என்போம். நாலு நாலு வரியாகப் போகும். முதல் மூன்று வரி அடித்தொண்டையில் தரையோடு தரையாக நகரும். நாலாவது வரி திடீரென்று மேலே ஏறும். அது இறங்கி வருகிற இடத்தில் நாங்கள் பெண்பிள்ளைகள் "ஐயோ மகனே" என்று ஏந்திக்கொள்வோம். முன்னால் பாடிய அம்மாள் காலமானதிலிருந்து, பதினாறு வயது தொடங்கி, அத்தைதான் பாடினாள். வார்த்தைகள் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. ராகம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அது அவள் தொண்டையில் இருந்தது. அவள் பாடும்போது மீன்பிடித் துறைமுகத்து ஆண்கள்கூட மேல்துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது ஒரு படம் வந்தது. அதில் அத்தையின் புருஷனாக வருகிறவன் செத்த மாதிரி படுத்திருப்பான், அவள் ஒப்பாரி வைக்க வேண்டும். "வாய்க்கு வந்ததப் பாடும்மா" என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். அழுகைக்கு அத்தைக்குத் தெரிந்த ராகம் ஒன்றே ஒன்றுதான். மாரில் அடித்துக்கொண்டு, "கருவாடு கொழம்பாச்சே, கத்திரிக்கா போட்டாச்சே, கண்ணு தொறந்து பாராம போயாச்சே" என்று மூன்று வரி பாடுவாள். நாலாவது வரிக்கு அவள் மூச்சு இழுக்கும்போது, செத்தவன் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, "உப்பு போட்டியா?" என்று கேட்பான். அவள் பக்கத்தில் கிடக்கும் மீன்கூடையாலேயே அவனைச் சாத்துவாள்.

வீட்டுக்கு வந்து அத்தை இதை நடித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அத்தப் போயி அங்க ஏன் பாடின?" என்றாள். "டக்குனு வாய்ல வந்துச்சு அண்ணி. வார்த்த வேற தான?" என்றாள் அத்தை. படம் ஓடு ஓடென்று ஓடியது. எங்கள் தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. நான் மூன்று தடவை பார்த்தேன். அத்தை எங்கே போனாலும், "இன்னா அத்த, உப்பு போட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை. "வாடா, உன் வாய்ல போடுறேன்" என்று அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள்.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. அத்தை அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டி, முக்காடிட்டு, பாடைக்குப் பக்கத்தில் நின்றாள். நோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அருகில் நான். "நான் குளிப்பாட்டின காலாச்சே" என்று ஆரம்பித்தாள். "நடக்கப் பழக்கின காலாச்சே" என்றாள். "நகக்கண் நோகாமல் துடைச்ச காலாச்சே" என்றாள். நாலாவது வரிக்கு மூச்சு இழுத்தாள். நான் பாடையில் கிடந்த சுரூபத்தைப் பார்த்தேன். எழுதவே கை கூசுகிறது. இப்போது அது எழுந்து உட்கார்ந்து உப்பைக் கேட்குமோ என்று எனக்குள் ஓடிவிட்டது. நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். என் சிரிப்பு பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தொற்றியது. அங்கிருந்து ஆண்கள் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் கோயிலே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தது. படம் பார்க்காத சாமியார் திகைத்து நின்றார். பாதி ஏறிய குரலை அத்தை அங்கேயே நிறுத்தினாள். என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினாள். அந்த இடத்திலேயே முட்டி போட்டாள். வேறு யாரோ பைபிள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே வரும்போது ஒரு பெண்மணி, "இன்னாம்மா, சினிமால பாடுனத கோயில்ல பாடினா சிரிக்காம இன்னா செய்வாங்க?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷம் அதே பாட்டைக் கேட்டு அழுதவள்தான் அவள். யாருக்கும் பதில் சொல்லாமல் விடாத அத்தை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்கு வரவில்லை. பூசைக்கு வருவாள், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள், பாட்டு வரும்போது வாய் அசையாது. புலம்பலை வேறு யாரும் பாடவும் இல்லை. சினிமாவை மட்டும் அவள் விடவில்லை. சாகிற வரைக்கும் ஜனங்கள் அவளைப் பார்த்ததும் சிரித்தார்கள். முழுப் பாட்டு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. நான் சிரித்ததை அப்போதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களை அறிக்கையிடும்போது, சொன்னேன். தெரியாமல் வந்த சிரிப்பு பெரிய பாவம் இல்லை என்று சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை. அதை நான் சொல்லியிருக்க வேண்டிய ஆள் எங்கள் வீட்டிலேயே, எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தாள்.

நான் கல்யாணமாகி எர்ணாவூருக்கு வந்தேன். வருஷங்கள் போயின. நைனாவும் அம்மாவும் காலமான பிறகு, மூச்சிரைப்பு முற்றிப்போன அத்தையை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ஒரு மத்தியானம் அவள் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, எப்படி வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"அத்த, அன்னிக்குக் கோயில்ல மொதல்ல சிரிச்சது நான்தான்."

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "தெரியுண்டி. எலிக்குஞ்சாட்டம் கீச்சு கீச்சுனு ஒரு சிரிப்பு. எனக்குத் தெரியாதா இன்னா?"

"தெரிஞ்சிக்கினா இத்தினி வருசம் ஒண்ணும் கேக்காம இருந்த?"

"உன்ன இன்னாத்தக் கேக்கறது? அந்தப் பாட்ட சிரிக்கறதுக்கு வித்துட்டு வந்தவ நானு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு அந்தப் பழைய மிடுக்கு எங்கிருந்தோ வந்தது. "ஆனா ஒண்ணுடி. ஞாயித்துக்கெழம ஆண்டவரே எய்ந்துக்கப் போறாரு. அது வரிக்கும் அடக்கிக்கினு இருந்திருக்கலாம் இல்ல நீ? ரெண்டு நாளு தான?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவளும் சிரித்து, அது இருமலாகி, முதுகை நீவிவிட வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும், "ஒரு தபா பாடேன் அத்த. எனக்கு மட்டும்" என்றேன்.

"கட்டில்ல சாஞ்சிகினு பாடற பாட்டாடி அது? ஆண்டவராண்ட நின்னுகினு பாடணும். பெரிய வெள்ளிக்கு என்ன இட்டுகினு போ. பாடறேன்" என்றாள். கேட்டதுமே நான் ராயபுரத்துக்குப் போய் சாமியாரிடம் அனுமதி வாங்கி வந்தேன். அவள் தினமும் காலையில் மிளகு தட்டிப்போட்ட வெந்நீர் கேட்டுக் குடித்தாள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கே இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, விடிகாலையில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இப்போது என் மருமகள் போனில் அத்தையின் முகம் ஸ்டிக்கராக வருகிறது. அந்த ஒப்பாரிக் காட்சியை டிவியில் வாரம் ஒரு தடவையாவது போடுகிறார்கள். அத்தை பாடிய புலம்பலை ஒருவரும் பதிவு செய்து வைக்கவில்லை. பழைய பாடகர் குழுவில் உயிரோடு இருக்கிற மூன்று பேரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஆளுக்கு ஒரு ராகம் சொன்னார்கள், எதுவும் அது இல்லை. அந்த ராகம் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தச் சிரிப்புப் படத்தில்தான், அதுவும் மூன்று வரி. சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது போனில் அதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன். கருவாட்டையும் கத்திரிக்காயையும் தள்ளிவிட்டு, மாதாவின் வார்த்தைகளை அவள் குரலுக்கு மேலே வைத்து மெதுவாகப் பாடுகிறேன். மூன்று வரி சரியாக வருகிறது.

நாலாவது வரியின் வார்த்தை எனக்குத் தெரியும். "ஆணி அடிக்கவா வளர்த்தேன் ஐயா." சின்ன வயதில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அதைக் கேட்டவள் நான், அது இறங்கி வரும் இடத்தில் ஏந்திக்கொண்டவள். ஆனால் அது எப்படி மேலே ஏறும் என்று நினைவைத் தோண்டினால், அந்த இடத்தில் அத்தையின் குரல் இல்லை. மூச்சு இழுக்கிற சத்தம் வருகிறது, அடுத்தாற்போல் அவன் எழுந்து உட்கார்ந்து உப்பைக் கேட்கிறான்.