முள்ளோடு வந்த மீன்

கிளறிற்றா அக்காவை மீன் வெட்டுகிறவர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "வெட்ட ஆரும் வெட்டலாம், எனக்கு விக்கத் தெரியும்" என்பார். லண்டன் எட்மண்டனில் பத்மநாதன் அண்ணையின் மீன்கடையில் பதினொரு ஆண்டுகளாக நிற்கிறார். கல்லாவில் நிற்பவள் நான். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பிறந்தது மன்னார். அகதியாகப் போய்ச் சேர்ந்தது நோர்வேயின் வடமுனையில், மீனை விட்டால் வேறு பிழைப்பே இல்லாத ஒரு சின்ன ஊரில். அங்கே மீன் ஆலையில் பதினாறு ஆண்டுகள் வேலை. பிறகுதான் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தார். அன்று பக்கத்து மேசையில் மீன் வெட்டிய தூர்டிஸ் என்ற நோர்வேப் பெண் இன்று அந்த ஆலையின் மனேஜர். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் போனில் ஊர்வம்பு அளப்பார்கள்.

போன ஜனவரியில் தூர்டிஸ் போனில் அழுதாராம். குளிர்காலத்து நாலு மாதம் மீன் குவியும். இப்போதெல்லாம் அதை வெட்டாமல் அப்படியே உறையவைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், வெட்டுவது வேறு நாட்டில். மிச்ச மாதமெல்லாம் ஆலைக்குப் பூட்டு. வருடம் முழுக்கத் திறந்திருக்க வழி கிடைக்காவிட்டால் முதலாளிமார் அதை ஒரேயடியாக மூடிவிடுவார்கள். ஆலை போனால் அந்த ஊரில் இருப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லை.

"கூட மீன் பிடிக்கத் தேவையில்லை. பிடிக்கிறதை வருசம் முழுக்கப் பரவலாப் பிடியுங்கோ, அங்கையே வெட்டுங்கோ, நான் விக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்று அக்கா கடைக்கு வந்து அறிவித்தார். கடை யாருடையது என்று பத்மநாதன் அண்ணைக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனாலும் தலையாட்டினார்.

ஏப்ரலில் முதல் பெட்டிகள் வந்தன. திறந்து பார்த்தேன். தோல் இல்லை, முள் இல்லை, தலை இல்லை. தூர்டிஸ் நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் வழித்து எறிந்திருந்தார். வழக்கமாக வரும் ரமா அன்ரி ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு. இதிலை என்னண்டு குழம்பு வைக்கிறது?" என்று வைத்துவிட்டுப் போனார்.

அக்கா ஒரு கிழமை லீவு போட்டு நோர்வேக்கே போய்விட்டார். முள்ளோடு குறுக்கே துண்டு போடுவது, தலையைப் பிளந்து செவுளை எடுப்பது எல்லாவற்றையும் ஆலை மேசையில் நின்று செய்து காட்டினார். அங்கிருந்த மெஷினுக்கு அந்த வெட்டு வராது. அக்கா நம்பியதும் அதைத்தான்: கைவெட்டுக்கு ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் ஆலை திறந்திருக்க வேண்டும்.

யூனில் வந்த பெட்டிகள் மத்தியானத்துக்குள் காலி. மீன்தலைக்கு அடிபிடி. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஓகஸ்டில் பத்மநாதன் அண்ணைக்கு ஆசை பிடித்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இனிக் கிழமைக்கு மூண்டு மடங்கு எடுத்துத் தாரும்."

"ஏலாது அண்ணை."

"ஏன், அவையளுக்கு விக்க விருப்பமில்லையே?"

"அந்த ஊர் வள்ளங்களுக்கு வருசத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் எண்டு அளவு இருக்கு. நீங்கள் கேக்கிற மாதிரித் தந்தால் ஒக்ரோபரோடை முடிஞ்சிடும். பிறகு ஆலைக்குப் பூட்டுத்தான்."

"அப்ப மிச்சத்துக்கு வேறை ஊரிலை எடுப்பம்."

"எடுங்கோ. அதை விக்கிறதுக்கும் வேறை ஆளை எடுங்கோ."

அக்கா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றத் தொடங்கிவிட்டார். அண்ணை ஒரு மட்டையை எடுத்து, "நோர்வே மீன் புதன்கிழமை மட்டும்" என்று எழுதி வாசலில் ஒட்டினார்.

டிசம்பர் நடுவில் அந்த ஆண்டின் கடைசிப் பெட்டிகள் வந்து இறங்கின. அன்று காலைதான் தூர்டிஸ் போன் எடுத்திருந்தார். அடுத்த ஆண்டும் ஆலையை முழுக்கத் திறந்து வைப்பதென்று முதலாளிமார் முடிவெடுத்துவிட்டார்களாம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணையிடம் வந்தார்.

"அண்ணை, வாற வருசமும் புதன்கிழமைதான்."