மூன்று விளக்குகளும் அணைந்தபோது

கம்பைநல்லூர்ப் பக்கம் சர்க்கரை ஆலை வந்த பிறகு லைனில் கரண்ட் குறைந்து எங்கள் கிணற்று மோட்டார் இரண்டு முறை எரிந்துபோனது. இரண்டு முறையும் அப்பா அதை மாட்டு வண்டியில் ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோய்க் புதுக் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை எரிவதற்குள் கரண்ட் திருடனைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். திருடன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆலையின் பவர் ஹவுஸில் வேலை பார்த்த என் சித்தப்பாதான்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, வீட்டு வயலுக்கு வரவேண்டிய கரண்ட்டை ஆலைக்கு இழுத்துக் கொடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கோடை லீவில் அவருக்கு மதியச் சோறு கொண்டுபோவது ஒன்பது வயதுப் பெண்ணான என் வேலை.

"என்ன பண்றான்னு பாத்துட்டு வா. ஒண்ணும் கேக்காத," என்றார் அப்பா.

ஆலைக்குச் சொந்தமாக மின்சாரம் தரும் புது மெஷின் அப்போதுதான் வந்திருந்தது. சோதனைக்காக அதை நிறுத்துவார்கள், ஓட்டுவார்கள். ஓட்டும்போதெல்லாம் அதைச் சர்க்கார் லைனோடு சேர்ப்பது சித்தப்பாவின் பொறுப்பு. சுவிட்சுப் பலகையில் மூன்று விளக்குகள் இருந்தன. மூன்றும் ஒன்றாகப் பிரகாசித்து ஒன்றாக மங்கின. சித்தப்பா கைகாட்டக் காட்ட, மெஷினருகே நின்றவர் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். விளக்குகள் எரிந்து மங்குவது வரவர மெதுவாயிற்று. மூன்றும் அடியோடு அணைந்த கணத்தில் சித்தப்பா கைப்பிடியை இழுத்துப் போட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

விளக்கை அணைய விட்டுத்தான் சித்தப்பா இழுக்கிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். நல்ல காரியத்தை எவனாவது இருட்டில் செய்வானா என்று கேட்டார். மறுநாள் என்னோடு அவரும் வந்தார். அண்ணன் என்பதால் வாட்ச்மேன் தடுக்கவில்லை.

"வெளக்கு எரியறப்போ போடு, பாக்கலாம்," என்றார் அப்பா.

சித்தப்பா விளக்குகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "எரியுதுன்னா ரெண்டு கரண்ட்டும் ஒத்துப் போவலைன்னு அர்த்தம்ணா. அப்ப சேத்தா மெஷினே ஒடஞ்சிரும். ரெண்டும் ஒண்ணா ஓடறப்பதான் வெளக்கு அணையும். தள்ளி நில்லுங்கண்ணா."

அப்பாவின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டுந்தான். மூன்று விளக்குகளும் பளிச்சென்று எரிந்தபோது அவர் எட்டிக் கைப்பிடியைப் பிடித்தார். சித்தப்பா அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அத்தனை பேர் பார்க்க, அப்பா சிமெண்டுத் தரையில் விழுந்தார். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்குகள் அணையும்வரை நின்று, கைப்பிடியைப் போட்டுவிட்டுத்தான் தூக்கிவிட ஓடிவந்தார். அதற்குள் அப்பா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே நடந்துவிட்டார்.

சித்தப்பா எங்கள் வீட்டை விட்டு ஆலைக் குடியிருப்புக்குப் போனார். கொஞ்ச நாள் அம்மா ஓர் ஆள் சோறு மிச்சமாகும்படியே உலை வைத்தாள். ஒருமுறை சந்தையில் சித்தப்பா கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்காமல் ஓடிவந்தேன். அகப்பட்டுக்கொண்டதால்தான் அப்பாவைத் தள்ளினார் என்று உறுதியாக நம்பினேன்.

அதற்குப் பிறகு மோட்டார் எரியவில்லை. "பயந்துட்டான், பாத்தியா," என்றார் அப்பா. சாட்சி சொன்ன எனக்கும் அதில் பெருமைதான்.

புது மெஷின் சேர்ந்ததால் லைன் மேலிருந்த பாரம் குறைந்தது, அதனால்தான் எங்கள் மோட்டார் தப்பியது என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் அதைச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால், திருடன் வாசலில் நிற்கிறான் என்று நான்தான் முதலில் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருப்பேன்.