அக்காவின் காரில் முறிந்த எட்டாவது போல்ட்

அக்காவின் இந்த நினைவு மலரில் அந்தக் காரைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொந்தத்தில் மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். அக்காவின் பக்தி, பொறுமை, அடக்கம் பற்றி எழுதச் சொன்னார்கள். பக்தி இருந்தது. மற்ற இரண்டையும் எழுதினால் அக்காவே வந்து அடித்துத் திருத்துவார். ஆகவே காரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராக அக்கா பிறந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் வகுப்பில் ஒரே பெண்ணாகப் படித்து, பிறகு அதே வகுப்புக்கு ஆசிரியரானார். திருமணம் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "வேணாம்னா வேணாம்" என்பதையே காரணமாகச் சொன்னார். அப்பா காலமான பின் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். அதற்கு அக்கா பொறுப்பல்ல.

ஓய்வு பெற்ற மறுமாதம், செங்கம் சாலையில் விடுதி நடத்தும் ஒருவர் பல மழைக்காலங்களாக வெளியில் போட்டுவைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அக்கா வாங்கி வந்தார். இரண்டே இருக்கை. இன்ஜின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. ஸ்டார்ட் செய்தால் தெருவே காதைப் பொத்தும். புகை நம் மூக்குக்கு வரும். புது மேனிஃபோல்டு வரவழைத்தார். ஆனால் பழையதைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டும் துருவேறி இறுகிக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. வேலூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். என் காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார் அக்கா. பெரியப்பா மகனான எங்கள் பெரிய அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சி பதமா இட்டுக்கினு போறோம். இந்த வயசுல ஊர் சிரிக்கணுமா?"

"நடக்கறேன், துன்றேன், உன்னத் திட்டறேன். நான் எதுக்குண்ணா படுத்துக்கினு போவணும்?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கார் ஓடினால் கார், இல்லையென்றால் ஆம்புலன்ஸ்.

மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, ஏழு போல்ட்டுகளை அக்கா கழற்றினார். ஞாயிறு காலை கை ஓய்ந்துபோய் எட்டாவதை என்னிடம் விட்டார். அங்கேதான் தப்பு செய்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மனதுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன். பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வந்த உடம்பு. ஸ்பேனரையும் பயபக்தியோடு வலமாகவே சுற்றினேன். கழற்றுவதற்கு இடப்பக்கம் சுற்ற வேண்டும் என்பது, போல்ட்டின் தலை முறிந்து கையில் விழுந்த பிறகு ஞாபகம் வந்தது.

"கழண்டுடுச்சிக்கா" என்றேன்.

அக்கா வாங்கிப் பார்த்தார். "தல இருக்குது. உடம்பு எங்கடா?"

"உள்ளயே இருக்குது."

"கிரிவலம் போனியா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. நோயாளிதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆம்புலன்ஸுக்கு சொல்லிடவா?" என்றார் பெரிய அண்ணன்.

"வெல்டிங் பாய்க்கு சொல்லு" என்றார் அக்கா.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். "ஆபரேஷன் உங்களுக்குன்னு இல்ல மேடம் சொன்னாங்க?"

"மொதல்ல வண்டிக்கு பாய்."

உள்ளே மாட்டியிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து பாய் வெல்டிங் செய்தார். சிவப்பு மங்கியதும் அக்காவே ஸ்பேனரைப் பிடித்தார். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி கொஞ்சம் முன்னே. பெரிய அண்ணன் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். கிறீச்சிட்டபடி அது வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் புது மேனிஃபோல்டு ஏறியது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை அக்கா ஓட்டினார். போளூர் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக என் பக்கம் வந்தார்.

"அவன் நல்லாத்தான் கீறான் தம்பி. பேஷண்ட் நானு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நடந்து போனார்.

கார் வேலைதான் அக்காவின் உயிரைக் குடித்தது என்று காரியத்தன்று பந்தியில் பேசியவர்களே, கேளுங்கள்: கட்டி அதற்கு முன்பே இருந்தது, மருத்துவரே சொன்னார். அறுவைக்குப் பின் ஏழு மாதம் அக்கா இருந்தார். முடிந்த நாளெல்லாம் ஓட்டினார். அந்தக் கார் விற்பனைக்கு இல்லை. இனி நான் ஓட்டுவேன், பயந்துகொண்டே.

வெல்டிங் பாய்க்கும், வேலூர் செவிலியர்களுக்கும், கடைசி வாரங்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் நன்றி. முடிவுவரை பக்கத்திலேயே இருந்த பெரிய அண்ணனுக்கும் நன்றி. கடைசிப் பயணத்துக்கு அவர் ஏற்பாடு செய்த வண்டியில் அக்கா ஒரே ஒருமுறை படுத்துக்கொண்டு போனார். அதுவும் அக்காவைக் கேட்காமல்.