செவலைக்குச் சொல்லாமல் விட்ட சேதி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டி, எங்கள் பசுவிடம் ஒரு சேதி சொன்னேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

பழி இங்கிலீஷ்காரன் மேல். மூன்று வாரமாகப் பத்திரிகையின் இந்த இடத்தில் அவர்களுடைய ராஜா கதைகளைத்தான் எழுதி வருகிறேன். நான்கு கடிதங்கள் வந்தன. இரண்டு புகழ்ச்சி. ஒன்று விலாசம் தப்பி வந்தது. நான்காவது பாகூரிலிருந்து: ‘குடியரசின் பிரஜைகளான நமக்கு அந்நிய ராஜா கதை எதற்கு?’

நியாயமான கேள்வி. ஆனால் நம்மை ஆளும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராஜாவின் தலையை எடுத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதே... ராஜா கதை வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டித்தானே போகவேண்டும்? அங்கேதான் போன மாதம்கூட ஒருவர் ஆசைப்பட்ட பெண்ணுக்காகப் பட்டத்தையே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அது கிடக்கட்டும். பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் இங்கிலீஷ்காரர்களின் சாவு வழக்கங்கள் இரண்டைப் படித்தேன்.

முதலாவது, அரண்மனை வழக்கம். ராஜா கண்ணை மூடியதும் ‘ராஜா காலமானார், ராஜா வாழ்க’ என்று ஒரே மூச்சில் முழங்கிவிடுவார்களாம். சிம்மாசனம் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, குடியானவர் வழக்கம். தேனீ வளர்க்கும் வீட்டில் எஜமானனோ எஜமானியோ இறந்துபோனால், யாராவது ஒருவர் வீட்டுச் சாவியோடு தேன்கூட்டண்டை போகவேண்டும். மூன்று தட்டுத் தட்டி, ‘இன்னார் போய்விட்டார், இனி இன்னார்தான் உங்களைப் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தேனீக்கள் தேன் வைக்காதாம். கூட்டை விட்டே போய்விடுமாம்.

பத்திரிகையை மூடினேன். பிறகு திறந்து இன்னொரு தடவை படித்தேன்.

என் வீட்டுக்காரி போய் அன்றைக்கு முப்பத்தெட்டு நாள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அரண்மனை வழக்கம்தான். அவள் போன மறுநாளே மருமகள் அஞ்சலை பால் செம்போடு தொழுவத்துக்குப் போனாள். வேறு என்ன செய்வாள், பாவம்? செவலை ஒப்புக்கொள்ளவில்லை. வேளைக்கு இரண்டு படி கறந்த மாடு. முதல் வாரம் ஒரு படி. அடுத்த வாரம் அரைப்படி. அதற்கப்புறம் உதை.

“கன்னுக்குட்டிய வுட்டாலும் பாலை மேல ஏத்திக்குது மாமா. அதுக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?” என்று அஞ்சலை அழாத குறையாகக் கேட்டாள்.

செத்தவளின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு கறந்து பார் என்றார்கள் பக்கத்து வீட்டில். அவளுக்கு இருந்தவை ஏழு புடவைகள். பதினாறாம் நாளே அத்தனையும் கொடுத்தாகிவிட்டது. எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.

மகன் ஒரு மாட்டுத் தரகரைக் கூட்டிவந்தான். இங்கிலீஷ் எல்லைக்காரர். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார்.

“ஏக்கத்துல கீது சாமி. புது எடத்துக்குப் போனா மறந்துடும். வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கினு போறேன்.”

மறந்துவிடுமாம்! இந்த வீட்டில் அவள் வருவாள் என்று இன்னும் கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டே ஜீவன்கள். நான் ஒன்று, செவலை ஒன்று. ஒன்றை ஓட்டிவிட்டால் மீதி எத்தனை?

மற்ற எல்லோருக்கும் சேதி போயிற்று. அரியூர், வில்லியனூர், நல்லவாடு என்று பதினேழு வீடுகளுக்கு ஆள் அனுப்பினோம். மகன் இரண்டு சாட்சிகளோடு வில்லியனூர் மேரிக்கு, அதாவது நகரசபை அலுவலகத்துக்குப் போய் மரணத்தைப் பதிந்து வந்தான். நான் போகவில்லை. அதே மேரியில் இருபத்தொன்பது வருஷம் ஜனன மரணப் பதிவு எழுதிய குமாஸ்தா நான். எழுதிய மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கக் கால் வரவில்லை.

மாட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவேதான் சாவி, மூன்று தட்டு. செவலை திரும்பிப் பார்த்தது. என்னை அல்ல, எனக்குப் பின்னால் பார்த்தது.

சொல்ல வாயெடுத்தேன்... யார் போய்விட்டதாகச் சொல்வது? நாற்பத்தொரு வருஷம் அவளை ‘இந்தா’ என்றேன். ‘ஏய்’ என்றேன். ‘எங்கே போய்த் தொலைஞ்சே’ என்றேன். எங்கள் கொம்யூன் வட்டாரத்தில் பிறந்தவர் இறந்தவர் பேரையெல்லாம் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரியின் பேரை வாயால் சொன்னது எத்தனை தடவை? அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

“தனக்கோடி போய்ட்டா, செவலை” என்றேன். “இனிமே அஞ்சலைதான் வருவா. நீயும் போய்டாதே.”

பின்னால் செம்பு விழுந்து உருண்டது. அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள்.

“எட்டு வருஷமா இந்த வூட்ல கீறேன் மாமா. அத்தை பேர உங்க வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். “அத்தை மட்டும் இருந்திருந்தா, வெக்கப்பட்டுக்கினு உள்ள ஓடியிருப்பாங்க.”

ஓடியிருப்பாள். இந்த முப்பத்தெட்டு நாளில் அவளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு எத்தனை படி கறந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அரைப்படிதான், அளந்தே பார்த்தேன். உதைக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தரகர் கயிற்றோடு வந்தார். மாடு இல்லை என்றேன்.

“தோ நிக்குதே சாமி!”

“நிற்கிறது. கொடுப்பதற்கில்லை.”

மகன் இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசுவான்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு வீட்டுக்காரி இந்நேரம் உள்ளே அடுப்பண்டை இருப்பாள். பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். “இன்னா வந்துது உங்களுக்கு?” என்று எரிந்து விழுவாள்.

விழட்டுமே... விழுவதற்கு ஆள் இருக்கிறதே!