ஓய்வெடுக்கப் போன வாரம்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: நன்றாக ரெஸ்ட் எடுக்க வேண்டும். கோயமுத்தூரில் அது நடக்கிற காரியமா? என்னைப் பார்க்கச் சோமனூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தபடியே இருந்தார்கள். நலம் விசாரிக்க வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? தையல் இழுக்க இழுக்க நின்று காப்பி போட்டேன். "எதுக்குங்க சிரமம், நீங்க படுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கையை நீட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரர் பீளமேட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். என் ஆபரேஷனுக்கு முந்தின வருஷம் அதற்கு ஸ்பெயினிலிருந்து ஒரு கிரைண்டிங் மிஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். ஸ்பெயின்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால், "இல்லை, நான் பாஸ்க்" என்று உடனே திருத்துவார். ஸ்பெயினின் வடக்கே தனி பாஷையோடு இருக்கிற ஜனங்களாம் அவர்கள். அடுத்த வருஷம் மிஷின் விஷயமாக என் வீட்டுக்காரர் அங்கே போக வேண்டி வந்தது. அந்த இன்ஜினியர் என் ஆபரேஷன் விவரம் கேள்விப்பட்டு, "உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள். கடலோரத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலைப் பார்க்கிற ஆசைகூடப் பெரிதாக இல்லை. ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போக வேண்டாம், அதுதான் என் சந்தோஷம். ஆனாலும் குக்கரையும் அரிசியையும் பொடி வகைகளையும் பெட்டியில் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு வேறு எதுவும் தொண்டையில் இறங்காது என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக் கட்டிய சின்ன ஊர். படகுத்துறை, வளைந்த மணல்கரை, விட்டு விட்டுப் பொடித்தூறல். போய் இறங்கிய அன்று சாயங்காலமே இன்ஜினியரின் மனைவி நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த வாரம் சமையலை நான் பார்த்துக்கொள்ளட்டுமா? நீங்கள் ஓய்வெடுங்கள்."

"அய்யோ, வேண்டாம், நான் செய்கிறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை வற்புறுத்தினால் கொஞ்சம் இழுக்கலாம். மூன்றாம் தடவைக்கு, "நீங்க இவ்வளவு சொல்றீங்க" என்று இறங்கி வரலாம். அந்த அம்மாள் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. முகம் மலர்ந்து, எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, அடுப்பை எப்படித் திருகுவது என்று காட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குக் குளிக்கப் போய்விட்டார். அவர் மேல் என்ன தப்பு? கேட்டார், வேண்டாம் என்றேன், நம்பினார்.

இப்படியாக, கடல் கடந்து போய் நான்கு பேருக்கு ஆக்கிப் போட்டேன். உக்கடம் மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் மீனையே பார்த்துப் பழகிய எனக்கு அங்கே கிடைத்த மத்தி அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வதும் கழுவுவதும் எந்த ஊரிலும் ஒன்றுதான். சமையலறை ஜன்னலில் கடல் ஒரு கீற்றாகத் தெரியும். "கடலுக்கு வருகிறீர்களா?" என்று அந்த அம்மாள் தினமும் ஒரு தடவை கேட்பார். "பரவாயில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று என் வாய் தானாகச் சொல்லும். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலமானால் ஆண்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். கேட்டால், "ஆம்பளைங்க கிளப்பு அம்மணி, சும்மா பேசிட்டு இருப்போம்" என்பார் என் வீட்டுக்காரர். திரும்பி வந்து, "அங்கயே சாப்டுபோட்டோம்" என்பார். ராத்திரிக்கு ஆக்கியது அப்படியே இருக்கும். இடுப்பு விட்டுப்போகும் எனக்கு.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கிளப்பில் பெண்களுக்கும் விருந்து என்று எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீளமான மேசை, பின்னால் பெரிய அடுப்பு. அடுப்பைச் சுற்றி அத்தனை பேரும் ஆண்கள். அந்த ஊர் வழக்கமே அதுதானாம். ஆண்கள் சேர்ந்து கிளப் வைத்துக்கொண்டு, தாங்களே சமைத்துத் தாங்களே பரிமாறிச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு நடுவில் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். அரிவது என்றால் சும்மா இல்லை, ஒரே சீராக, பொடிப்பொடியாக. "வாரம் முழுக்க எங்களுக்கு வெங்காயம் இவர்தான்" என்று இன்ஜினியர் அவர் முதுகில் தட்டினார்.

என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏனம்மணி, எப்படி? பொடுசா இருக்குதா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவ்வளவு பேர் முன்னால் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தேன். அவரே தட்டு கொண்டுவந்து வைத்தார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று இன்ஜினியர் கேட்டார். "போடுங்கள்" என்றேன், முதல் தடவையிலேயே. சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மற்றவர்களோடு நின்று பாத்திரம் கழுவினார். நன்றாகவே கழுவினார்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை. அவர் பேப்பரை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, "அம்மணி, காப்பி" என்றார்.

"ஏனுங்க, வெங்காயமெல்லாம் அத்தனை நல்லா அரியறீங்க. பால் காய்ச்ச வராதுங்களா?" என்றேன்.

"அது அந்த ஊரு வழக்கம். நம்மூட்டுல செஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று பேப்பரைத் திருப்பினார். கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

எழுந்து போனேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து, பாவம், அவருக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். வரும் என்று தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைத்தது அன்றைக்குத்தான். அத்தனை வருஷத்து அலுப்பும் அந்த ஒரு காலையில் மொத்தமாக வந்து சேர்ந்தது.