ஆசிட் மக்கும் ஒரு பட்டு இழையும்

பட்டு வெளுப்பதைப் பார்க்கப் போய், ஆரணியில் அந்தச் சாயப்பட்டறைக்காரரைச் சந்தித்தது மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி, டைரியில் இருக்கிறது. ஒல்லியானவர், நகமெல்லாம் ஊதா. தினமும் டப்பாவைத் திறக்குமுன் ஒரு பட்டு இழையைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் போகும் திசையைப் பார்ப்பாராம்; அன்றும் பார்த்தார்.

டப்பாவில் சோடியம் சல்பைட், உப்பு போல வெள்ளையாக. பட்டின் மஞ்சளை வெளுக்க வைக்கும். ஆசிட் பட்டால் மூச்சடைக்கும் வாயு கிளம்பும் என்று படித்திருந்தேன். படித்தும், உதவுவதாக நினைத்து, அதைக் கரைத்திருந்த வெளுப்புத் தொட்டியில், தண்ணீர் என்று ஆசிட் இருந்த பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்துவிட்டேன்.

"ஜல்தி வெளிய ஓடுங்க சார்!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொண்டை எரிந்தது. மூச்சு உள்ளே போகவில்லை.

"சிவப்பு நூல் கட்டின மக்கு ஆசிட்டுன்னு சொல்லிகினே இருந்தேனே சார். பட்டை வெளுக்கறது நம்ம நெஞ்ச சும்மா உடுமா?"

இழையை என் கையில் கொடுத்தார். "உள்ள கல்யாணப் பட்டு நூலு கீது." துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு திரும்ப நுழைந்துவிட்டார்.

இழை வாசலை நோக்கிச் சாய்ந்தது. வெளிக்காற்று வாயுவை உள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது. இருமல் கேட்டவரை உயிரோடிருக்கிறார் என்று நின்றேன். இருமல் நின்றது. கத்தினேன்.

நூலோடு தள்ளாடி வந்தவர், முதலில் அதைத்தான் வெயிலில் பிரித்துப் பார்த்தார். தினமும் காற்றுக்கு அவ்வளவு பயந்தவர் அன்று எப்படி உள்ளே போனார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.