மூன்று படி என்று நான் சொன்ன பொய்

என் மச்சான் ஜெயசீலன் வண்டியிலிருந்து விழுந்தும் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தவில்லை, அது கர்த்தர் செய்த அற்புதம் என்று நம் சபையில் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள். இரத்தம் வந்தது. நிறையவே வந்தது. வெளியே வராமல் வயிற்றுக்குள் வந்தது. அதனால்தான் அவன் சாகக் கிடந்தான். அற்புதம் நடந்தது உண்மை. அது எந்த இடத்தில் நடந்தது என்பது எனக்குத்தான் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் முடியாது.

நான் கடலூரிலும் சிதம்பரத்திலும் கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, தலைமை எழுத்தர், அதாவது சிரஸ்ததாராக ஓய்வு பெற்றவன். வாகன விபத்து வழக்குகள் என் மேஜை வழியாகத்தான் போகும். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள், போலீசுக்கு எப்போது தகவல் போகும், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் யார் கூண்டில் நிற்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஊரில் யாருக்கு விபத்து நடந்தாலும் என்னிடம் வந்துதான் யோசனை கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி.

2009 மார்ச் மாதம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள். என் மனைவி கிரேஸின் தம்பி ஜெயசீலன், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கக் கடலூரிலிருந்து சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். புவனகிரிப் பக்கம் இரண்டு வீடு பாக்கி இருக்கிறது என்று என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அந்த மாதத்தில் அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போய்க் காயை உடைத்துக் கொடுக்க வேண்டும். களம் கட்டச் செலவழித்தது அரசாங்கம், அடிப்பது ரோட்டில். இதைக் கேட்க ஒரு அதிகாரி கிடையாது.

மதியம் இரண்டு மணிக்கு ஜெயசீலன் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். இடது விலாவைக் கையால் பிடித்திருந்தான். முகத்தில் சிரிப்பு.

"உளுந்து மேல வண்டி சறுக்கிடுச்சு மாமா. ஹேண்டில்பாரு வயித்துல நல்லா குத்திடுச்சு. ரத்தம்லாம் ஒண்ணும் இல்ல."

எதிர்வீட்டுச் சகோதரி ஓடி வந்து, இரத்தமே இல்லையே, கர்த்தர் காத்தார் என்று அங்கேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார். நம் சபையில் உலவும் சாட்சி அந்த நிமிடத்தில் பிறந்ததுதான்.

என் நினைவு எங்கே போனது தெரியுமா? வண்டிப் பேப்பர் இருக்கும் அலமாரிக்கு. என் வண்டியின் இன்ஷூரன்ஸ் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவன் தன் வண்டியைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரோட்டு விபத்து என்று எழுதினால் போலீஸ் வரும். கேட்பது முதலில் வண்டியின் பேப்பர்தான். அடுத்தது கோர்ட். எந்தக் கோர்ட்டில் எல்லாரும் எனக்கு எழுந்து நின்றார்களோ, அதே கோர்ட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஆகவே அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல். மூன்று படி. வண்டி என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. வக்கீல்கள் சாட்சிகளைத் தயார் செய்வதை எத்தனையோ முறை பார்த்து மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவர்களைவிட நன்றாகவே செய்தேன்.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டார், நான் மூன்று படி என்றேன். அவர் விலாவைத் தொட்டுப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. வயிற்றை அழுத்திப் பார்க்கவில்லை. நாளைக்குத் தலைசுற்றினால் உடனே வா என்றுகூடச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் முழுக் கோபம் கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று படி விழுந்தவனுக்கு யார் வயிற்றுக்குள் தேடுவார்கள்?

மறுநாள் காலை ஒன்பது மணி. கடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஜெயசீலன் முந்தின நாள் பேண்டையே மாட்டிக்கொண்டிருந்தான். இடது தோள்பட்டை வலிக்கிறது என்றான். அடிபட்டது விலாவில், வலிப்பது தோளிலா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பெல்ட்டைப் போடப் போனவன் அப்படியே சரிந்தான். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை.

ஆட்டோவில் போட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டிரெச்சரில் கிடந்த ஜெயசீலனே சொல்லிவிட்டான்.

"படியில விழுந்தேன் மேடம். மூணு படி."

சாகும் நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றுகிறான். நான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

வயது நாற்பத்தெட்டு. இடது தோளில் வலி, வேர்வை, இரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கிறது. டாக்டர் நியாயமாக மாரடைப்பைச் சந்தேகித்தார். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் வேகமாக ஓடுவதைத் தவிர அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், மாரடைப்புக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிடலாம் என்று நர்ஸிடம் சொன்னார். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருப்பவனுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிறகுதான் எனக்கு விளக்கினார்கள்.

என்னையும் கிரேஸையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் நடைபாதைச் சுவரைப் பார்த்து நின்று ஜெபம் பண்ணினேன். சபையில் என் ஜெபத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை பிசகாது. அன்றைக்கு வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, அவனைப் பிழைக்க வையும். ஆனால்..."

அந்த ஆனாலில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் கேட்க இருந்தது என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் பிழைக்க வேண்டும், ஆனால் என் பெயர் வெளியே வரக்கூடாது. கர்த்தரிடம் நிபந்தனை மனு போடுகிறேன். என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "என் பேர் நாறட்டும் ஆண்டவரே. அவனை மட்டும் விட்டுவிடும்."

ஆமென் சொல்லவில்லை. அதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் நின்றிருந்தார். ஒரு கையில் மாத்திரை வைத்த சின்னக் கிண்ணம். மற்ற கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் உளுந்தங்காய், காய்ந்த சருகு.

"பேண்ட் மடிப்புலருந்து கொட்டுதுய்யா. எங்க வீடும் புவனகிரி பக்கம்தான். நாங்க ரோட்டுல அடிக்கிறோம். உங்க வீட்ல மாடிப்படியிலயா உளுந்து அடிக்கிறீங்க?"

கிரேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நர்ஸ் விடவில்லை. விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு கன்றிப்போன தடம் இருக்கிறது, படி விளிம்பில் விழுந்தால் வட்டமாகவா பதியும் என்று கேட்டார்.

அப்போதும் என் நாக்கு படியைத்தான் தேடியது. ஒரு நொடி. பிறகு சொன்னேன். நேற்று மதியம், ரோட்டில், மோட்டார் சைக்கிள், ஹேண்டில்பார் முனை, இடது விலாவுக்குக் கீழே.

நர்ஸ் உள்ளே ஓடினார். மாத்திரை கொடுத்தாயிற்றா என்று டாக்டர் கேட்பதும், இல்லை மேடம், கையில்தான் இருக்கிறது என்று அவர் சொல்வதும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாம் வேறு வேகம். இரண்டு கையிலும் தடிமனான ஊசி ஏற்றினார்கள். குரூப் பார்க்க இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேன் மெஷினைக் கட்டில் பக்கத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரையில் மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாகத் தேங்கி நின்றது. அது இரத்தம். தோளில் வலித்ததற்கும் அதுதான் காரணம். மண்ணீரலில் விழுந்த கிழிசலிலிருந்து முந்தின நாள் முதல் கசிந்திருக்கிறது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என் கண்ணு எக்ஸ்ரே மெஷின் இல்ல சார். எப்படி அடிபட்டுச்சுன்னு நீங்க சொல்றத வச்சுத்தான் எங்க தேடணும்னு எனக்குத் தெரியும். படிச்சவங்கதானே நீங்க?"

கையெழுத்துப் போட்டேன். கிரேஸ் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தம்பிய விட அந்தப் பேப்பரு உங்களுக்குப் பெருசா பூடுச்சா?"

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ஜெயசீலன் பிழைத்தான். அது இல்லாதவர்களுக்குச் சில தொற்றுகள் சட்டென்று பற்றும் என்று தடுப்பூசி போட்டு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மே மாதம் மகளைக் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போனான்.

விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி நானே கேட்டேன். போலீஸ் வந்தது. சம்மனும் வந்தது. கோர்ட் வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி, முன்பு என்னிடம் வேலை பார்த்தவன், நெளிந்தான். மெதுவாகக் கூப்பிடுகிறேன் சார் என்றான். எல்லாரையும் எப்படிக் கூப்பிடுவாயோ அப்படியே கூப்பிடப்பா என்றேன். மூன்று தடவை கூப்பிட்டான். கூண்டில் ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

இப்போதும் விபத்து என்றால் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். கேஸ் வேண்டாம், கீழே விழுந்ததாகச் சொல்லிவிடலாமா சார் என்கிறார்கள். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தத் தோன்றும். ஆனால் உட்காரவைத்து இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு அடிபட்டு, வெளியே காயம் இல்லாவிட்டாலும், சும்மா இருக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். பண்ணிக்கொண்டே கூட்டிப்போங்கள். எது இடித்தது, எங்கே இடித்தது, எவ்வளவு வேகத்தில் இடித்தது என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மானம் போகும் என்றால் போகட்டும். அது போகிற வழியில்தான் கர்த்தர் எனக்கு உதவியை அனுப்பினார். நீங்களும் நம்பிப் பாருங்கள்.

ஜெயசீலன் உயிரோடு இருக்கிறான். என் பெயர் கோர்ட் பதிவேட்டில் குற்றவாளி என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்தோத்திரம்.